சுடச்சுடப் போன ரத்தம்

சாவிக்கொத்து மேஜையில் விழுந்த வேகத்தில் என் டீ கோப்பை ஒரு துள்ளு துள்ளியது.

"இது என் பேக்கரி சாவி," என்றார் அந்த அம்மா. "அவரைக் கொன்ன கைக்குத் தண்டனை கிடைக்கிற வரைக்கும் என் அடுப்பு எரியாது. அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

என் அண்ணி சாவியைத் தொடவில்லை. அந்த அம்மாவின் முழங்கை வரை இருந்த பழைய தீத்தழும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி பன்னிரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்தவர். ஒருநாள் மேலதிகாரியின் மச்சான் சொன்ன பொய்யையும் மோப்பம் பிடித்துத் தொலைத்தார். வேலை போனது. சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வந்தது. நான் அவர் கொழுந்தன். வண்டி ஓட்டுவது, கதவு தட்டுவது, அவர் கேட்கக் கூச்சப்படும் அசட்டுக் கேள்விகளைக் கேட்பது என் உத்தியோகம். என் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து எங்கள் இருவருக்கும் சாப்பாடு கட்டித் தருகிறார். குடும்பத்தில் மூளை உள்ளவர் அவர் ஒருவர்தான்.

"முதல்ல இருந்து சொல்லுங்கம்மா," என்றார் அண்ணி.

"என் புருஷன் போய்ப் பத்து நாளாச்சு. காலையில மாவு பிசைஞ்சுக்கிட்டே நெஞ்சு வலிக்குதுன்னார். கூட்டிட்டு ஓடினேன். படுக்கையில படுத்துக்கிட்டு, 'தட்டுல பன் கருகிடப் போகுது, நீ போ'ன்னு என்னைத் துரத்தினார். அவ்வளவு தெளிவா பேசிக்கிட்டு இருந்தவர். அப்புறம் பெரிய டாக்டர் வந்து, ரத்தத்துல புளிப்பு ஏறிடுச்சு, அமிலம் ஜாஸ்தின்னார். அதை முறிக்க என்ன மருந்து தெரியுமா? சோடா. நான் தினம் மாவுல போடற அதே சோடா. நரம்புல ஏத்தற மாதிரி சுத்தம் பண்ணி பாட்டில்ல வெச்சிருக்காங்க. ரெண்டு பாட்டில் போடச் சொன்னார். அந்த நர்ஸ் நாலு போட்டுட்டா."

"நாலுன்னு யார் எண்ணினாங்க?"

"பெரிய டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். முதல் பரிசோதனையில இவ்வளவு புளிப்பு. ரெண்டு பாட்டிலுக்கு இவ்வளவுதான் குறையணும். ஆனா கடைசியா பாத்தப்ப ரத்தம் முழுக்கக் காரமாயிடுச்சு. நாலு போட்டாத்தான் அவ்வளவு காரமாகுமாம். காரமானா இதயத்துக்குப் போற குழாய் சுருங்கிடுமாம்."

"காரம்னா, மிளகாய் காரமா?" என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் நான் கோப்பைக்குள் குனிந்துகொண்டேன்.

"அமிலத்துக்கு எதிர்ப்பதம் காரம். தம்பி பள்ளிக்கூடத்துல பின் பெஞ்சு போல," என்றார் அண்ணி. "நீங்க சொல்லுங்கம்மா."

"முப்பது வருஷமா சோடா அளக்கறவ நான். ஒரு சிட்டிகை கூடினா பன் கசந்துடும். எனக்குத் தெரியாதா அளவு மீறினா என்ன ஆகும்னு? நான் என் வேலையில ஒரு குறை வைக்கல. வார்டுல ஆள் இல்லன்னு அவர் ரத்தத்தைக்கூட என்கிட்டதான் குடுத்தா. அவ சொன்ன மாதிரியே சுடச்சுடக் கொண்டு போய் லேப்ல குடுத்தேன். அவ அவ வேலையைச் செஞ்சாளா?" அந்த அம்மாவின் குரல் உயரவே இல்லை. "இன்னிக்கு மூணு மணிக்கு ஆஸ்பத்திரியில விசாரணை. பாட்டில் ரெண்டுதான் போட்டேன்னு சாதிக்கிறா. மீதி ரெண்டு காலி பாட்டிலை எங்க ஒளிச்சான்னு கண்டுபிடிங்க. அவ நர்ஸ் பதிவு ரத்தாகணும். கையில விலங்கு ஏறணும். அதை நான் கண்ணால பாக்கணும்."

சிகிச்சைத் தாள்கள் அடங்கிய கோப்பு ஒன்றை வைத்துவிட்டுப் போனார். பெரிய டாக்டரே பிரதி எடுத்துக் கொடுத்தாராம்.

அண்ணி தாள்களைச் சீட்டுக்கட்டு போல மேஜையில் தட்டி அடுக்கினார். மறுபடி தட்டினார்.

"தம்பி, இதைப் பாரு."

எல்லாத் தாளும் ஒரே உயரம். ஒன்று மட்டும் இரண்டு விரல் குட்டை. முதல் ரத்தப் பரிசோதனைச் சீட்டு.

"முடி வெட்டிக்கிட்டு வந்திருக்கு," என்றேன்.

"யார் வெட்டினாங்கன்னு பாப்போம். வண்டியை எடு."

*

நர்ஸ் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை வீட்டில் இருந்தாள். வெள்ளைச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் யார், எதற்கு வந்தோம் என்று சொன்னதும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அவங்க அனுப்பிச்சாங்களா? வார்டு நடுவுல என் மூஞ்சியில துப்பினாங்க. தெரியுமா? துடைச்சுக்கிட்டு அடுத்த நோயாளிக்கு மாத்திரை குடுக்கப் போனேன். பதினோரு வருஷம் சார். இன்னிக்கு இந்தத் துணியைக் கடைசியா போடறேனோ என்னவோ."

"எத்தனை பாட்டில்?" என்றார் அண்ணி.

"ரெண்டு. அவசர ட்ராலியில ஆறு குழி, ஆறு பாட்டில். அன்னிக்கே ட்ராலியைச் சீல் வெச்சுட்டாங்க. போய்ப் பாருங்க, நாலு இருக்கும். மீதி எங்க இருந்து எடுத்தேன்னு சொல்றாங்க? மருந்து ஸ்டோர் கீழ் மாடியில. நான் படுக்கையை விட்டு நகரவே இல்ல."

"முதல்ல ரத்தம் எடுத்தது?"

"நான்தான். பத்து அஞ்சுக்கு. விரல் நுனியில சர்க்கரையும் அப்பவே பாத்தேன். நூத்தி அறுபத்தெட்டு. சிரிஞ்ச் மேல டேப் ஒட்டி நேரம் எழுதி, ஐஸ் போட்ட டம்ளர்ல வெச்சு, சீக்கிரம் குடுக்கச் சொல்லி அந்த அம்மாகிட்ட குடுத்தேன். ஆள் இல்லன்னா சொந்தக்காரங்க கையில குடுத்து விடறதுதான் எங்க வழக்கம்." சட்டைக் காலரை அழுத்தித் தேய்த்தாள். "பெரிய டாக்டர் என்னைக் கண் கொண்டு பாக்க மாட்டேங்கிறார். இதுக்கு அவருக்கு ஒருநாள் நான் திருப்பிக் குடுப்பேன். எழுதி வெச்சுக்கோங்க."

நான் எழுதவில்லை. ஆனால் நம்பினேன்.

ஆஸ்பத்திரியில் வார்டுக் கண்ணாடிக்குப் பின்னால் ட்ராலி சீலோடு நின்றது. மூக்கைக் கண்ணாடியில் ஒட்டி எண்ணினேன். நான்கு.

"அண்ணி, காணாமப் போன பாட்டில் காணாமயே போகல. இல்லாததை எங்கே போய்த் தேடறது?"

"தேட வேண்டாம். ரெண்டு பாட்டில்தான் போட்டிருக்காங்க, ஆனா நாலு போட்ட மாதிரி ஏறியிருக்கு. ஏணியில ரெண்டு படிதான் ஏறினான், ஆனா மாடியில நிக்கறான்னா என்ன அர்த்தம்?"

"காலு நீளம்."

"கொழுந்தனாரே," என்றார் அண்ணி. கோபம் வந்தால்தான் இந்த மரியாதை. "அவன் தரையில இருந்து ஏறவே இல்ல. ஏற்கெனவே மேல நின்னிருக்கான். முதல் எண்தான் தப்பு."

*

லேப் பின்கட்டிடத்தில் இருந்தது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேஜை முழுக்க அதையே தேடிக்கொண்டிருந்தார் லேப்காரர். நான் சுட்டிக்காட்டியதும் ஒரேயடியாக எங்கள் கட்சிக்கு வந்துவிட்டார்.

"மெஷின் ஞாபகத்துல எல்லாம் இருக்கும்," என்று பொத்தானை அழுத்தினார். சீட்டு நாக்கை நீட்டியது. அண்ணி அதைக் குட்டைச் சீட்டின் மேல் வைத்தார். வெட்டுப்பட்ட இரண்டு விரல் அகலத்தில் ஒரு வரி இருந்தது. சோதித்த நேரம்: பதினொன்று பதினெட்டு.

"எடுத்தது பத்து அஞ்சு," என்றேன். "ஒண்ணேகால் மணி நேரம். நத்தைகூட ரெண்டு தடவை வந்து போயிருக்கும்."

"தினம் அந்த நேரத்துல மெஷின் கழுவுவேன். ஜன்னலைச் சாத்தி, அவசரம்னா மணி அடிக்கவும்னு போர்டு மாட்டியிருப்பேன். அந்த அம்மா அடிக்கல. பெஞ்சுல உக்காந்துட்டே இருந்திருக்காங்க."

"நேரமானா என்ன ஆகும்?" அண்ணி கேட்டார்.

"ரத்தம் வெளிய வந்ததும் செத்துப் போயிடறதில்ல மேடம். உள்ள இருக்கற அணுக்கள் சர்க்கரையைத் தின்னுக்கிட்டே இருக்கும், அமிலத்தைத் துப்பிக்கிட்டே இருக்கும். ஐஸ்ல வெச்சா தூங்கும். சூட்டுல வெச்சா விருந்துதான். அதுவும் இவருக்கு வெள்ளையணு பத்து மடங்கு. யாருக்கும் தெரியாம ஏதோ ரத்தக் கோளாறு இருந்திருக்கு. பந்தியில ஆள் ஜாஸ்தி." சீட்டில் விரல் வைத்தார். "சர்க்கரையைப் பாருங்க. நூத்திப் பத்து."

படுக்கையருகே நூற்று அறுபத்தெட்டு. அதே மனிதர், அதே நிமிஷம், அதே ரத்தம். ஐம்பத்தெட்டைத் தின்றவர்கள் சிரிஞ்சுக்குள்ளேயே இருந்தார்கள்.

"அப்போ அவர் உடம்புல புளிப்பு?"

"கொஞ்சமா இருந்திருக்கும். அந்தக் கொஞ்சம் நல்லதுதான். ரத்தம் லேசாப் புளிச்சா இதயக் குழாய் விரிஞ்சு கொடுக்கும். ரொம்பப் புளிச்சாத்தான் இதயத் தசை சோர்ந்து போகும், எரிபொருளை எரிக்கத் தெம்பு இருக்காது. அதுக்குத்தான் சோடா. புளிக்காதவருக்கு சோடா போட்டா நேர் எதிர். குழாய் சுருங்கும். ரத்தம் சுமந்துட்டு வர்ற ஆக்சிஜனையும் இறக்கி வைக்காது. மூட்டையோட வாசல் வரைக்கும் வந்துட்டு, இறக்காமத் திரும்பிப் போற ஆளை வெச்சுக்கிட்டு என்ன செய்ய? ஏற்கெனவே அடைப்பு உள்ள இதயம். பட்டினி."

அண்ணி இரண்டு சீட்டையும் சேர்த்து மடித்தார். "இதைப் பெரிய டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"மறுநாளே வந்தார். சீட்டோட மேல் வரியைப் பாத்தார். மூஞ்சி வெளுத்துப் போச்சு. மெஷின்ல கடிகாரம் சரியான்னு கேட்டார். சரின்னேன். ஒரிஜினலை வாங்கிட்டுப் போயிட்டார். விசாரணைக்கு என்னைக் கூப்பிடவே இல்ல."

எனக்குக் காது சூடேறியது. நேரம் பார்க்காமல் மருந்து எழுதியது அவசரம் என்று விடலாம். கத்தரிக்கோலை எடுத்து உட்கார்ந்து, கோடு கோணாமல் வெட்டி, ஒரு பெண்ணின் பதினோரு வருஷத்தை அதோடு குப்பைக்கூடையில் போட்டது எந்த அவசரம்?

"மூணு மணிக்கு வந்துடுங்க," என்றேன் லேப்காரரிடம். "வரலன்னா மூக்குக்கண்ணாடியை ஒளிச்சு வெச்சிடுவேன்."

கிளம்பும்போது அண்ணி வாசலில் நின்றார். "ஒரே ஒரு கேள்வி. சிரிஞ்ச் உங்க கைக்கு வந்தப்ப ஐஸ் இருந்ததா?"

"ஐஸா? டம்ளரே இல்ல. ஒரு துண்டுல சுத்தியிருந்தது. தொட்டா வெதுவெதுன்னு இருந்தது."

அண்ணியின் முகம் மாறியது. விடுவிடுவென்று வண்டிக்கு நடந்தார். நான் இரண்டு ஜோக் சொன்னேன். இரண்டும் வீண்.

*

பேக்கரி ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளி. அந்த அம்மா பூட்டிய கதவுக்கு வெளியே படியில் உட்கார்ந்து, விசாரணையில் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் ஒரு பழைய பூந்துண்டு.

அண்ணி சாவியை நீட்டவில்லை. தானே பூட்டைத் திறந்தார். "அடுப்பு எரிய வேண்டாம். உள்ள உக்காந்து பேசுவோம்."

பத்து நாள் மூடிக் கிடந்த அறை. மூலைத் தொட்டியில் கிடந்த மாவின் புளிப்பு வாடை முகத்தில் அறைந்தது. அடுப்பு வாயைத் திறந்து கறுப்பாக நின்றது.

"பாட்டில் கிடைச்சுதா?"

"ஒரு சந்தேகம்மா. உங்க தொழில் சந்தேகம். மாவுக்கு சோடா எவ்வளவு போடுவீங்க?"

"புளிப்புக்கு ஏத்த மாதிரி. மோந்து பாத்தா தெரியும்."

"மாவு புளிக்கவே இல்ல. ரொம்பப் புளிச்சிருக்குன்னு யாரோ சொன்னதை நம்பி நீங்க ரெண்டு கரண்டி போட்டுட்டீங்க. என்ன ஆகும்?"

"கசக்கும். நாலு கரண்டி போட்ட மாதிரி..." அந்த அம்மா நிறுத்தினார். "அவர் ரத்தம் புளிக்கலையா?"

"அவர் உடம்புல பெருசா இல்ல. சிரிஞ்சுக்குள்ள புளிச்சிருந்தது."

"சிரிஞ்சுக்குள்ள எப்படிப் புளிக்கும்?"

அண்ணி அவர் பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவசரத்துக்கு மாவு சீக்கிரம் புளிக்கணும்னா என்ன பண்ணுவீங்க?"

"துணியில சுத்தி, அடுப்புப் பக்கத்துல வெதுவெதுப்பா..."

அவர் கை தோளில் இருந்த துண்டுக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

"அந்த நர்ஸ் என்ன சொல்லிக் குடுத்தாங்கம்மா? அவங்க சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க."

"சுடச்சுடக் குடுத்துடுங்கன்னு."

வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். நானாக இருந்தால் அந்த வார்த்தைக்கு உடனே, தாமதிக்காமல் என்றுதான் அர்த்தம் செய்துகொண்டிருப்பேன். நான் அடுப்பில் வேலை செய்கிறவன் இல்லை.

"ஐஸ்ல வெச்சுக் குடுத்துட்டு, சுடச்சுடக் குடுங்கறாளே, இவளுக்கு என்ன பைத்தியமான்னு நெனச்சேன்," என்றார் அந்த அம்மா. "ஐஸை ஆஸ்பத்திரியில கைகழுவற தொட்டியில கொட்டினேன். இந்தத் துண்டுலதான் சுத்தினேன். வயித்தோட அணைச்சு வெச்சுக்கிட்டேன். ஜன்னல் மூடியிருந்தது. மணி அடிச்சு யாரையும் தொந்தரவு பண்ண வேண்டாம், நம்மகிட்ட சூடா பத்திரமாத்தானே இருக்குன்னு உக்காந்திருந்தேன். முப்பது வருஷமா சூடு ஆறாமக் குடுத்துப் பேர் வாங்கினவ நான். அன்னிக்கும் சூடு ஆறாமத்தான் குடுத்தேன்."

அண்ணி ஆறுதல் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

"மணி ரெண்டே முக்கால். இதைச் சொல்லலன்னா அந்தப் பொண்ணு உள்ள போயிடும். அதனால நான் சொல்லத்தான் போறேன், மறைக்க மாட்டேன். ஆனா உங்ககிட்ட சொல்லாம உங்க முதுகுக்குப் பின்னால போய்ச் சொல்ல எனக்கு மனசு வரல." குட்டைச் சீட்டையும் முழுச் சீட்டையும் எடுத்து அந்த அம்மாவின் மடியில் வைத்தார். "இன்னொண்ணும் இருக்கு. இந்த நேரம் தெரியக்கூடாதுன்னு ஒருத்தர் வெட்டியிருக்கார். மறுநாளே அவருக்கு எல்லாம் புரிஞ்சிடுச்சு. அப்புறம்தான் உங்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, நாலு பாட்டில்னு கணக்குப் போட்டுக் காட்டினார்."

அந்த அம்மா இரண்டு சீட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். ரொம்ப நேரம் தடவினார்.

"வண்டி வெளியதானே நிக்குது?" என்றார்.

*

விசாரணை அறையில் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர். ஒரு ஓரத்தில் பெரிய டாக்டர், பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டு. எதிரே நர்ஸ், மடிப்புக் கலையாத சீருடையில். அந்த அம்மா உள்ளே வந்ததும் நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொரு தடவை துப்புவார் என்று நினைத்தாளோ என்னவோ.

"நான் புகார் குடுத்தவ," என்றார் அந்த அம்மா, உட்காராமலே. "புகாரை மாத்திச் சொல்லணும். ஐஸைக் கொட்டினது நான். ரத்தத்தைச் சூடு பண்ணி உக்காந்திருந்தது நான். சுடச்சுடன்னா உடனேன்னு அர்த்தமாம். இவ விளக்கிச் சொல்லல, நானும் கேக்கல. இதுல ஒளிவு மறைவு இல்ல, எழுதிக்கோங்க."

"துக்கத்துல பேசறாங்க," என்றார் பெரிய டாக்டர். "மருத்துவ விஷயம் இவங்களுக்கு..."

"எனக்குச் சோடா தெரியும்." அந்த அம்மா அவர் பக்கம் திரும்பினார். "மாவை மோந்து பாக்காமச் சோடா போடறவனை அன்னிக்கே வேலையை விட்டு அனுப்புவேன். நீங்க நேரத்தைப் பாக்காமப் போட்டீங்க. பதட்டம், மனுஷன் தவறுவான்னு விட்டுருப்பேன். ஆனா தெரிஞ்சப்புறம் வெட்டினீங்களே. என் புருஷன் செத்த வயித்தெரிச்சலை எடுத்து, ஒரு பாவமும் அறியாதவ மேல கொட்ட என் கையிலயே குடுத்தீங்களே. நான் துப்பினேன் அவ மேல. உங்களுக்காக நான் துப்பினேன்."

இரண்டு சீட்டுகளையும் தலைவர் முன்னால் அடுக்கி வைத்தார். தலைவர் விளிம்பைத் தடவிப் பார்த்தார். நேரத்தை வாசித்தார்.

"மெஷின் கடிகாரம் தப்பா ஓடியிருக்கலாம்," என்றார் பெரிய டாக்டர்.

கதவருகே ஒரு குரல். "மறுநாள் இதையேதான் கேட்டீங்க டாக்டர். சரியா ஓடுதுன்னு சொன்னேனே." லேப்காரர். மூக்குக்கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

பேனா மூடித் திறப்பது நின்றது.

அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நர்ஸ் மேல் குற்றமில்லை என்று எழுதினார்கள். ட்ராலியின் சீலை உடைத்து நான்கு பாட்டிலையும் எண்ணினார்கள். பெரிய டாக்டரின் அறை பூட்டப்பட்டது, போலீஸுக்குத் தகவல் போனது. கழுத்து ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அவர் நடந்துபோன நடையை அந்த அம்மா கடைசிப் படிவரை இமைக்காமல் பார்த்தார். நர்ஸும் பார்த்தாள். எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது, ஏன் மறைக்கணும்?

வராந்தாவில் அண்ணி சாவிக்கொத்தை நீட்டினார். "தண்டனை கிடைச்சாச்சு. இனி அடுப்பு மூட்டலாம்."

அந்த அம்மா வாங்கவில்லை. "வெட்டின கைக்குத்தான் கிடைச்சுது. நான் சொன்னது, அவரைக் கொன்ன கைக்குன்னு." தழும்பேறிய தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அந்தக் கை என்கிட்டயேதான் இருக்கு. சாவியை நீங்களே வெச்சுக்கோங்க."

அண்ணி நீட்டிய கையை மடக்கவில்லை.

நர்ஸ்தான் நடுவில் வந்தாள். அண்ணியின் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டாள்.

"சுடச்சுடன்னு சொன்னது என் வாய்," என்றாள். "பாதி என்னோடது. நீங்க மட்டும் எடுத்துட்டுப் போக விட மாட்டேன். நாளைக்குக் காலையில வந்து கதவைத் திறப்பேன். நீங்க மூட்டலன்னா நாளன்னிக்கும் வருவேன். தினம் வருவேன். என் மேல துப்பினீங்கல்ல? அதுக்கு நான் வாங்கற பழி இதுதான்."

அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். கோபமா அழுகையா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. துண்டைத் தோளிலிருந்து எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"எத்தனை மணிக்கு வருவே?"

"அஞ்சு மணிக்கு," என்றாள் நர்ஸ். "கடிகாரத்துல அஞ்சு. வேற வார்த்தை எதுவும் சேர்க்கல பாருங்கம்மா."